மின்கார், பெட்ரோல் கார் ஓட்டும் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் நான்கு வருடமாக ஒரு மின்காரும் ஒரு பெட்ரோல் காரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் பெட்ரோல் போட்ட லிட்டர் கணக்கு, மற்றதில் சார்ஜருக்கென்று மாட்டிய மீட்டரின் எண். இது தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், கூட வேலை செய்பவர்கள், கார் வாங்க யோசிப்பவர்கள் என்று யார் வந்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இதில் எங்கேயும் பணத்தொகை வராது. பெட்ரோல் விலையும் மின்கட்டணமும் இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் கரண்ட் பில்லையும் கடைசியாகப் பெட்ரோல் போட்ட ரசீதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. சுத்தி வளைக்காம சொல்லுங்க, ஓட்டுறதுக்கு எது மலிவு?

வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால், பெரும்பாலும் மின்கார்தான். வெளியே உள்ள வேக சார்ஜரை மட்டுமே நம்பி ஓட்டுவதானால் அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன். சில இடங்களில் நல்ல ஹைப்ரிட் கார் (பெட்ரோல் இன்ஜினோடு மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது) மின்காரைவிடக் குறைந்த செலவில் ஓடிவிடும்.

அதனால் என்னிடம் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி உங்கள் கார் எங்கே நிற்கும்?" என்பதுதான். கீழே வரும் பதில்கள் பலவும் அதைச் சுற்றியே வரும்.

2. யூனிட்டுன்னா கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்தானா? ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?

அதேதான். 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் ஆகும் மின்சாரம் ஒரு யூனிட். சிறிய மின்கார் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 கி.மீ ஓடும். நடுத்தரக் கார் 6, பெரிய எஸ்யூவி நாலரை அல்லது ஐந்து. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தை வைத்துச் சொல்கிறேன். அது ஏன் முக்கியம் என்று 5-ஆம் கேள்வியில் பார்ப்போம்.

மின்காருக்கு மைலேஜ் என்றதும் பலர் "முழு சார்ஜில் 400 கி.மீ" என்கிறார்கள். அது பெட்ரோல் டேங்க் எவ்வளவு பெரியது என்று சொல்வதைப் போன்றது. செலவுக் கணக்குக்கு அது உதவாது. யூனிட்டுக்கு எத்தனை கி.மீ என்று பாருங்கள்.

3. லிட்டர் வேற, யூனிட் வேற. ரெண்டையும் எப்படித்தான் ஒப்பிடுறது?

இரண்டே வகுத்தல் போதும். முதலில், பெட்ரோல் காரின் மைலேஜை மின்காரின் மைலேஜால் வகுங்கள். லிட்டருக்கு 15 கி.மீ தரும் பெட்ரோல் காரையும் யூனிட்டுக்கு 6 கி.மீ தரும் மின்காரையும் எடுத்துக்கொண்டால் விடை 2.5. இதைச் சமநிலை எண் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, ஒரு லிட்டர் பெட்ரோல் விலையை ஒரு யூனிட் மின்சார விலையால் வகுங்கள். ஒரு லிட்டர் காசுக்கு எத்தனை யூனிட் வாங்கலாம் என்று தெரியும். அது 2.5-க்கு மேல் இருந்தால் மின்கார் மலிவு, கீழே இருந்தால் பெட்ரோல் கார் மலிவு. 5 வந்தால் செலவு பாதி, 10 வந்தால் கால்வாசி.

லிட்டருக்கு 18 கி.மீ தரும் டீசல் காருக்குச் சமநிலை எண் 3. ஆனால் வகுக்க வேண்டியது டீசல் விலையை. லிட்டருக்கு 22 கி.மீ தரும் ஹைப்ரிட்டுக்கு 3.7. எதிர்த்தரப்பு சிக்கனமாக ஓட ஓட, மின்கார் தாண்ட வேண்டிய உயரமும் கூடும்.

4. ஒரு லிட்டர் பெட்ரோல்ல அவ்வளவு சக்தி இருக்குன்னு படிச்சோமே, அப்புறம் எப்படி கரண்ட் ஜெயிக்குது?

சக்தி இருப்பது உண்மை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. மின்காருக்கு 9 யூனிட் கிடைத்தால் 50 கி.மீ தாண்டிவிடும், பெட்ரோல் கார் 15-இல் நின்றுவிடுகிறது. மிச்சம் எங்கே போகிறது? பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திய பெட்ரோல் காரின் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடும், ரேடியேட்டர் விசிறி ஊதித் தள்ளும் காற்றும், சைலன்சர் வழியே போகும் புகையும் எல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கில், பெட்ரோலில் உள்ள ஆற்றலில் 16 முதல் 25 சதவீதம்தான் காரை நகர்த்தப் பயன்படுகிறது. மின்காரில், வேகம் குறைக்கும்போது மோட்டார் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதையும் சேர்த்தால் 87 முதல் 91 சதவீதம். அதனால் யூனிட்டுக்கு யூனிட் மின்சாரம் பெட்ரோலைவிட விலை கூடுதலாக இருந்தாலும் மின்கார் ஈடுகட்டிவிடுகிறது.

5. கார் டிஸ்ப்ளேல 31 யூனிட்னு காட்டுது, மீட்டர்ல 35-க்கு மேல ஓடியிருக்கு. சார்ஜர் ஏமாத்துதா?

ஏமாற்றவில்லை. என் நோட்டிலும் இதே கதைதான்: ஒரு இரவு காருக்குள் போனது 31 யூனிட், சுவர் மீட்டரில் ஓடியது 35.4. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும்போது கொஞ்சம் சூடாகப் போகும், வயரில் கொஞ்சம், பேட்டரிக்குள்ளேயே கொஞ்சம். 10 முதல் 15 சதவீத இழப்பு சாதாரணம்.

சாதாரண பிளக்கில் மெதுவாகச் சார்ஜ் போட்டால் இழப்பு கூடும் என்பது பலருக்குத் தெரியாது. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் காரின் கணினிகளும் கூலிங் பம்ப்பும் விழித்திருக்கும். அதற்கு 200, 300 வாட் போகும். 2 கிலோவாட்டில் ஏற்றும்போது அது பத்து சதவீதத்துக்கும் மேல். 7 கிலோவாட் சார்ஜரில் மூன்று நான்கு சதவீதம்தான். நிறுத்திய காரைச் சுற்றிக் கண்காணிக்கும் கேமரா வசதியை நாள் முழுக்க ஓடவிட்டாலும் அதே மாதிரி மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்.

ஐரோப்பாவின் டபிள்யுஎல்டிபி சோதனை முறையில், 100 கி.மீக்கு எத்தனை யூனிட் என்று சொல்லும் எண்ணில் இந்த இழப்பும் சேர்ந்திருக்கும். காரின் டிஸ்ப்ளேயில் சேராது. இரண்டையும் பக்கத்தில் வைத்து "கம்பெனி சொன்னதைவிட என் கார் நல்ல மைலேஜ் தருகிறது" என்று சந்தோஷப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பில் வருவது சுவர் மீட்டரை வைத்துத்தான்.

6. கரண்ட் பில்லை மொத்த யூனிட்டால வகுத்தா ஒரு யூனிட் விலை வந்துடுமே, அது போதாதா?

போதாது. கணக்கு தடம் மாறுவது பெரும்பாலும் இங்கேதான். பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் கட்டண முறை பல இடங்களில் உண்டு. மாதம் 1000 கி.மீ ஓடும் கார் 170 யூனிட் வரை கூட்டிவிடும். அந்த 170-ம் உங்கள் பில்லின் உச்சியில் போய் உட்காரும்; அடியில் உள்ள மலிவான யூனிட்டுகளை ஏற்கெனவே வீடு தின்றுவிட்டது. சில இடங்களில், ஒரு வரம்பைத் தாண்டினால் வீட்டுக்கான சலுகையே போய்விடும்.

கார் இல்லாமல் வந்த பில், கார் வந்த பிறகு வந்த பில், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலான யூனிட்டுகளால் வகுங்கள். காருக்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை அதுதான். இதைத்தான் 3-ஆம் கேள்வியில் சொன்ன வகுத்தலில் போட வேண்டும். காருக்குத் தனி இணைப்பு கிடைத்தாலோ, இரவு நேரத்துக்குக் குறைந்த கட்டணம் இருந்தாலோ அதை விட்டுவிடாதீர்கள். கார்தான் ராத்திரி சும்மா நிற்கிறதே, சார்ஜை நள்ளிரவுக்கு மேல் தொடங்கும்படி ஒருமுறை அமைத்துவிட்டால் போதும்.

7. எங்க அபார்ட்மென்ட்ல சார்ஜ் போட வழியில்லை. வெளியில போட்டுக்கலாம்னு இருக்கேன், சரிவருமா?

செலவை மட்டும் பார்த்தால் எனக்குத் தயக்கம்தான். பொது வேக சார்ஜரில் யூனிட் விலை வீட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது சகஜம். வீட்டில் ஒரு லிட்டர் காசுக்கு 10 யூனிட் கிடைத்தவருக்கு, மூன்று மடங்கு விலையில் 3.3 யூனிட்தான் கிடைக்கும். சமநிலை எண் 2.5 என்பதால் பெட்ரோலைவிட இன்னும் கொஞ்சம் மலிவு. ஆனால் 3.7 என்ற ஹைப்ரிட்டிடம் தோற்றுவிட்டார். வாங்கும் முன் அலுவலக நிறுத்துமிடத்தில் மெதுவான சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கதையே மாறும்.

வீட்டிலும் வெளியிலும் கலந்து போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்பது சதவீதம் வீட்டில், இருபது வெளியே என்றால் 10-ஐயும் 3.3-ஐயும் கலந்து சராசரி எடுத்து 8.7 என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. சராசரி எடுக்க வேண்டியது யூனிட் விலையை. வீட்டு யூனிட் 0.1 லிட்டர் விலை, வெளி யூனிட் 0.3 லிட்டர் விலை, கலந்தால் 0.14. அதாவது லிட்டருக்கு 7.1 யூனிட். அந்த இருபது சதவீதம் நினைப்பதைவிட அதிகமாகக் கடிக்கும்.

8. நான் ஓட்டுறது முக்கால்வாசி ஹைவேல. அதே கணக்கு வருமா?

வராது. காற்றின் எதிர்ப்பைத் தள்ள ஆகும் சக்தி, ஒரு கிலோமீட்டருக்கு, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-இலிருந்து 120-க்குப் போனால் அந்தப் பகுதி மட்டும் 2.25 மடங்கு. யூனிட்டுக்கு 6 தந்த கார் நாலரைக்கு இறங்கிவிடும். நகரத்தில் மின்காருக்குக் கைகொடுத்த பிரேக் ஆற்றலும் ஒரே சீராக ஓடும் சாலையில் கிடைக்காது.

பெட்ரோல் காருக்கோ நேர்மாறு. நின்று நின்று போகும் ஊர்ச் சாலையைவிட, டாப் கியரில் 80, 90-இல் சீராகப் போவதுதான் அதற்குப் பிடித்த ஓட்டம். லிட்டருக்கு 16 என்று வைத்தால்கூடச் சமநிலை எண் 3.6 ஆகிறது. அதோடு நெடுந்தூரம் போகும்போது சார்ஜ் போடுவதும் வேக சார்ஜரில்தான். மைலேஜ் இறங்கும் அதே இடத்தில் யூனிட் விலையும் ஏறுகிறது. வாரம் முழுக்க ஊருக்குள் ஓட்டி, வருடத்தில் சில தடவை நெடும்பயணம் போகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. தினமும் ஹைவேயில் இருப்பவர் தன் பாதையிலேயே ஒருநாள் மின்காரை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

100-க்கு மேல் போகாமல் ஓட்டுவது, இரண்டு காரிலும், எந்தச் சர்வீஸும் தராத சேமிப்பைத் தரும்.

9. டிராஃபிக்ல ஒரு மணி நேரம் ஏசி போட்டு நின்னா பேட்டரி காலியாயிடாதா? குளிர்ல ஹீட்டர் போட்டா?

ஏசியைப் பற்றிக் கவலையே வேண்டாம். நெரிசலில் நிற்கும் மின்காரின் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் எடுக்கும். அதே நெரிசலில் ஏசியோடு ஐட்லிங்கில் நிற்கும் பெட்ரோல் கார் ஒரு லிட்டர் அளவில் குடித்துவிடும். ஊர் நெரிசலில் மின்கார் அடிக்கும் லாபத்துக்கு இது ஒரு பெரிய காரணம்.

குளிர்தான் சங்கடம். பெட்ரோல் காருக்கு 4-ஆம் கேள்வியில் சொன்ன வீணான சூடு இருக்கிறது. அதையே உள்ளே திருப்பிவிட்டால் ஹீட்டர். மின்கார் அந்தச் சூட்டைப் பேட்டரியிலிருந்து உண்டாக்க வேண்டும், குளிர்ந்த பேட்டரியும் சோம்பலாக வேலை செய்யும். கடும் குளிரில் மைலேஜ் 20, 30 சதவீதமோ அதற்கு மேலோ குறையும். சின்னச் சின்னப் பயணங்களில் இன்னும் மோசம், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சூடாக்க வேண்டுமே. ஹீட் பம்ப் (வெளிக்காற்றில் உள்ள சூட்டை உள்ளே இழுத்துத் தரும் கருவி) உள்ள மாடல் கொஞ்சம் தாங்கும். கிளம்பும் முன், பிளக்கில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிக்கொள்வது பழகிக்கொள்ள வேண்டிய பழக்கம்.

10. மின்காருக்கு சர்வீஸ் செலவே கிடையாதாமே?

குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச், சைலன்சர் ஆகியவை மின்காரில் கிடையவே கிடையாது. பிரேக் பேடும் நீண்ட நாள் வரும், ஏனென்றால் வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்கிறது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 2021-இல் வெளியிட்ட கணக்கில், பராமரிப்புச் செலவு மைலுக்கு ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு.

பிரேக் ஆயில், கூலன்ட், ஏசி ஃபில்டர், 12 வோல்ட் சின்ன பேட்டரி, வைப்பர் எல்லாம் வழக்கம்போல உண்டு. அதிகம் பயன்படாத பிரேக் டிஸ்க்கில், ஈரமான இடங்களில் துரு ஏறும். அவ்வப்போது அழுத்திப் பிரேக் பிடித்துச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். விபத்தில் பேட்டரிப் பக்கம் அடிபட்டால் பழுதுச் செலவு கூடும் என்பதால் இன்சூரன்ஸ் பல இடங்களில் அதிகம். பிரீமியம் எவ்வளவு என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

11. டயர் சீக்கிரம் தேயுதுன்னு சொல்றாங்களே?

உண்மைதான். ஒரே மாடலின் மின் வடிவம் பெட்ரோல் வடிவத்தைவிட 300, 400 கிலோ கூட இருக்கும். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் தரும். கால் கொஞ்சம் கனமானால் டயர்தான் விலை கொடுக்கும். மென்மையாக ஓட்டினால் வித்தியாசம் குறையும், காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறை பாருங்கள்.

12. எட்டு வருஷத்துல பேட்டரி மாத்தணுமாம். அப்ப மிச்சம் பிடிச்சதெல்லாம் போச்சா?

எட்டு வருடம் என்பது வாரண்டியின் காலம், பேட்டரியின் ஆயுள் அல்ல. பெரும்பாலான கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்காது என்று உத்தரவாதம் தருகின்றன. ஆயிரக்கணக்கான வண்டிகளின் தரவை வைத்து, வண்டிகளைக் கண்காணிக்கும் ஜியோடாப் நிறுவனம் 2024-இல் சொன்னது, சராசரி இழப்பு வருடத்துக்கு 1.8 சதவீதம். அந்த வேகத்தில் பத்து வருடம் ஓடிய காரில் எண்பதுக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

பயத்துக்கு ஒரு பின்னணியும் உண்டு. 2010-இல் வந்த நிசான் லீஃப் மின்காரின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது; வெப்பமான பகுதிகளில் அது வேகமாகத் தளர்ந்தது. இன்று பெரும்பாலான கார்களில் அந்தக் குளிரூட்டல் இருக்கிறது. பேட்டரியின் விலையும் 2010-ஐ ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. என் கணக்கில் பேட்டரி மாற்றுவதை ஓட்டும் செலவாக எழுதுவதில்லை. காரை விற்கும்போது விலை எவ்வளவு குறையும் என்பதில் அது வந்துவிடுகிறது.

13. பிளக்-இன் ஹைப்ரிட் வாங்கினா ரெண்டு பக்கமும் லாபம்தானே?

தினமும் பிளக்கில் மாட்டுபவருக்கு மட்டும். மாட்டாவிட்டால், கனமான பேட்டரியைச் சும்மா சுமந்து திரியும் பெட்ரோல் கார் அது. 2021-இல் பதிவான கார்களை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைப்ரிட்களின் நிஜ கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு சோதனைக்கூட அளவைப்போல மூன்றரை மடங்கு இருந்தது. உமிழ்வு கூடினால் எரிபொருளும் அதே அளவு கூடியிருக்கிறது என்று பொருள். விளம்பரத்தில் வரும் மைலேஜை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

14. மின்கார் விலை அதிகம். எத்தனை வருஷத்துல அந்தக் காசு திரும்பும்?

விலை வித்தியாசத்தை லிட்டரில் எழுதிப் பாருங்கள், குழப்பம் போய்விடும். கூடுதலாகக் கொடுக்கும் தொகை 4000 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம் என்று வைப்போம். 100 கி.மீக்குப் பெட்ரோல் கார் 6.7 லிட்டர் குடிக்கும். மின்கார் எடுக்கும் 16.7 யூனிட், லிட்டருக்கு 10 யூனிட் என்ற விலையில், 1.7 லிட்டருக்குச் சமம். 100 கி.மீக்கு 5 லிட்டர் மிச்சம். 4000 லிட்டரை மிச்சம் பிடிக்க 80,000 கி.மீ ஓட வேண்டும்.

வருடம் 10,000 ஓட்டுபவருக்கு எட்டு வருடம். 30,000 ஓட்டும் வாடகைக் கார்க்காரருக்கு மூன்று வருடம்கூட ஆகாது. 7-ஆம் கேள்வியில் பார்த்த மாதிரி வெளியே மட்டும் சார்ஜ் போட்டால் 100 கி.மீக்கு மிச்சம் 1.7 லிட்டர்தான், அதே 4000 லிட்டருக்கு 2,40,000 கி.மீ ஆகும். ராத்திரி கார் எங்கே நிற்கும் என்று முதலிலேயே கேட்டது இதனால்தான். சர்வீஸில் மிச்சமாவதைச் சேர்த்தால் தூரம் குறையும், இன்சூரன்ஸும் சார்ஜர் பொருத்தும் செலவும் சேர்ந்தால் கூடும்.

15. மாடியில சோலார் இருக்கு. எனக்கு ஓட்டுறது இலவசம்னு வச்சுக்கலாமா?

முழுக்க அப்படி வைக்க வேண்டாம். உபரி மின்சாரத்தைக் கிரிட்டுக்கு (பொது மின்கம்பிக்கு) கொடுத்தால் காசு கிடைக்கும் இடத்தில், காருக்குப் போன ஒவ்வொரு யூனிட்டும் அந்தக் காசை விட்டுக்கொடுத்து வந்தது. அந்தக் காசுதான் உங்கள் யூனிட் விலை. பெரும்பாலும் அது குறைவாகவே இருக்கும் என்பதால் லாபம் நன்றாகவே வரும். ஆனால் வெயில் நேரத்தில் கார் வீட்டில் நிற்க வேண்டும். பகலெல்லாம் அலுவலகத்தில் நிற்கும் காருக்கு மாடி சோலார் நேரடியாக உதவாது.

16. எல்லாரும் மின்காருக்கு மாறினா அரசாங்கம் இதுக்கும் வரி போடாதா?

போடும், சில இடங்களில் போட்டும்விட்டார்கள். பல நாடுகளில் பெட்ரோல் விலையில் பெரும்பங்கு வரி. சாலைக்கான பணம் அதிலிருந்து வருகிறது. நியூசிலாந்தில் 2024 ஏப்ரலிலிருந்து மின்காரும் ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பச் சாலைக் கட்டணம் கட்டுகிறது. பிரிட்டனில் 2025 ஏப்ரலில் மின்காருக்கு இருந்த சாலை வரி விலக்கு முடிந்தது. எட்டு வருடக் கணக்குப் போடுபவர்கள் இப்போதைய சலுகை எட்டு வருடமும் நீடிக்கும் என்று எழுதக் கூடாது. சலுகை இல்லாமலும் கணக்கு தாங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

17. ஓடிக்கிட்டிருக்கிற என் பழைய பெட்ரோல் காரை வித்துட்டு மின்கார் வாங்கலாமா?

வருடத்துக்கு 6,000 கி.மீ ஓட்டுகிறீர்கள் என்றால், 14-ஆம் கேள்வியின் கணக்கில் மிச்சம் 300 லிட்டர். புதிய கார், எதுவானாலும், முதல் வருடத்தில் இழக்கும் மதிப்பு இதைப் பல மடங்கு தாண்டிவிடும். சமீப வருடங்களில் பல இடங்களில் மின்காரின் மறுவிற்பனை விலை பெட்ரோல் காரைவிட வேகமாக இறங்கியிருக்கிறது. ஓட்டும் செலவு மட்டும்தான் காரணம் என்றால், உங்கள் பழைய கார் நல்லபடியாக இருக்கும்வரை ஓட்டுங்கள்.

அந்த வேகமான விலை இறக்கம் பழைய மின்கார் வாங்குபவருக்குச் சாதகம். முதல் மூன்று வருட இழப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், யூனிட்டுக்கு 6 கி.மீ என்பது அப்படியேதான் இருக்கிறது. வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: பேட்டரியின் மிச்சக் கொள்ளளவைக் காட்டும் அறிக்கை, வாரண்டியில் எத்தனை வருடம் பாக்கி, திரவக் குளிரூட்டல் உண்டா. முழு சார்ஜில் காரை எடுத்து, உங்கள் வழக்கமான பாதையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து முழு சார்ஜுக்கு எத்தனை கி.மீ வரும் என்று கணக்கிடுங்கள். அறிக்கை காட்டும் கொள்ளளவுக்கு அந்தத் தூரம் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடலாம்.